ரெண்டும் வெள்ளை, குட்டி மட்டும் கருப்பு: ஆடு, பூனை, நாய் நிறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் கிடை. நாற்பது சொச்சம் செம்மறி, ஒரு டஜன் வெள்ளாடு, காவலுக்கு ரெண்டு நாய், கூப்பிடாமலே வந்து சேர்ந்த பூனைகள். நான் படித்தது விலங்கியல், பிழைப்பது ஆட்டில். அதனால் சுற்றுவட்டத்தில் யார் வீட்டில் எந்த நிறத்தில் குட்டி விழுந்தாலும் போன் எனக்குத்தான் வருகிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன, வசவுகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

அண்ணே, எங்கிட்ட கிடாவும் வெள்ளை, தாயாடும் வெள்ளை. குட்டி கரிக்கட்டையா விழுந்திருக்கு. பக்கத்துக் கிடைக் கிடா ஏறிடுச்சோ?

ஏறியிருக்கலாம், நம்ம வேலி லட்சணம் தெரிந்ததுதானே. ஆனால் குட்டி கருப்பாக இருப்பது மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது.

இதே சண்டை எங்கள் கிடையிலேயே நடந்தது. மூன்று வருஷம் முன்பு ஒரு மார்கழி விடியற்காலை, ராமநாதபுரம் வெள்ளை இனத்துப் பெட்டை ஒன்று குட்டி போட்டது. மூக்கு நுனியிலிருந்து குளம்பு வரை கருப்பு. ஈரம் காயாமல் டார்ச் வெளிச்சத்தில் மின்னியது, எழுந்து நிற்பதற்குள் நாலு தரம் விழுந்தது. அப்பா ஒரே பார்வையில் தாயாட்டுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்: "இது ஓடுகாலி. வித்துரு." அந்தப் பருவத்தில் கண்மாய்க்கரைப் பக்கம் கருப்புக் கிடா ஒன்றுகூட மேயவில்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை.

நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு ஜீனும் குட்டிக்கு ரெண்டு பிரதியாக வரும், ஒன்று தகப்பனிடமிருந்து, ஒன்று தாயிடமிருந்து. செம்மறியில் பல வெள்ளை இனங்களில் வெள்ளை ஓங்கு பண்பு, கருப்பு ஒடுங்கு பண்பு. வெள்ளைப் பிரதியை 'வெ' என்றும் கருப்புப் பிரதியை 'க' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெ-வெ என்றால் ஆடு வெள்ளை. வெ-க என்றாலும் வெள்ளைதான், ஆனால் உள்ளே ஒரு கருப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறது. க-க என்றால் மட்டும் கருப்பு. எங்கள் கிடாவும் வெ-க, அந்தப் பெட்டையும் வெ-க. ரெண்டும் தங்கள் 'க'-வைக் கொடுத்த ஒரு தடவை, கருப்பு வெளியே வந்துவிட்டது.

அந்தக் 'க' எங்கிருந்து வந்தது என்று பிறகு விசாரித்தபோது, தாத்தா காலத்துப் பஞ்சத்தில் பரமக்குடிப் பக்கமிருந்து ஒரு கருப்புப் பெட்டை வாங்கியதாக அப்பாவே நினைவுகூர்ந்தார். அந்த ஆடு செத்து முப்பது வருஷம் இருக்கும். அதன் வாரிசுகள் அத்தனையும் வெள்ளையாகவே பிறந்து, கருப்பைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு வந்திருக்கின்றன.

இது வெறும் ஊகக் கணக்கு இல்லை. செம்மறியில் வெள்ளைக்குக் காரணமான ஜீன் மாற்றத்தை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். அகூட்டி என்கிற ஜீன் இருக்கும் டி.என்.ஏ. துண்டு, சுமார் 1,90,000 எழுத்து நீளத்துக்கு, வெள்ளை ஆட்டில் இரட்டித்துக் கிடக்கிறது.

எங்கள் தாயாட்டை அதற்குள் சந்தையில் விற்றாகிவிட்டது. கருப்பைக் கொடுத்தவர்கள் ரெண்டு பேர், தண்டனை ஒருத்திக்கு. கிடா ஜம்மென்று கிடையில் நின்றது.

ஓங்கு ஜீன்னா பலமான ஜீன், ஒடுங்கு ஜீன்னா நோஞ்சான் ஜீன். சரிதானே?

இல்லை. இந்தப் பேரே பாதிப் பேரைக் குழப்புகிறது. ரெண்டு பிரதி வேறு வேறாக இருக்கும்போது எதன் வேலை தோலில் தெரிகிறதோ அது ஓங்கு, அவ்வளவுதான். பலம், நோய் எதிர்ப்பு, பால், எடை எதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

சொல்லப்போனால் ஓங்கு ஜீனே ஆளைக் கொல்லும் இடமும் உண்டு. மத்திய ஆசியாவில் காரகுல் என்று ஒரு செம்மறி, குட்டித் தோலுக்குப் பேர் போனது. அதில் சாம்பல் நிறம் ஓங்கு. ஒரு பிரதி இருந்தால் அழகான சாம்பல் குட்டி, நல்ல விலை. ரெண்டு பிரதி சேர்ந்தால் குட்டி பால்குடி மறக்கும் சமயத்தில் செத்துவிடும். எனவே சாம்பலையும் சாம்பலையும் இணை சேர்க்கக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி.

ஓங்கு என்றால் ஊரில் அதிகம் இருக்கும் என்பதும் தப்பு. எந்த நிறம் நிறைய இருக்கும் என்பது நாம் எதைக் கழித்தோம், எதை வைத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்தது.

நாலுக்கு ஒண்ணு கருப்புன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. எனக்கு நாலு குட்டியும் வெள்ளையாவே விழுந்துச்சே?

மெண்டல் பட்டாணிச் செடியில் கணக்குப் போட்டு 1866-ல் வெளியிட்ட அந்த நாலுக்கு ஒன்று என்பது ஆயிரக்கணக்கான விதைகளை எண்ணி வந்தது. நாலு குட்டியில் அது அப்படியே வரணும் என்று ஆட்டுக்கு ஒன்றும் கட்டாயம் இல்லை. ரெண்டு வெ-க சேரும்போது ஒவ்வொரு குட்டியும் தனிச் சீட்டு. போன குட்டி கருப்பு என்பதால் அடுத்தது வெள்ளையாக வரும் என்று கிடையாது. நாலும் வெள்ளையாக விழ 100-க்கு 32 வாய்ப்பு இருக்கிறது, அதாவது மூன்றில் ஒரு தடவை இப்படி ஆகும். பத்துக் குட்டியும் வெள்ளையாக விழக்கூட 100-க்கு 5, 6 வாய்ப்பு உண்டு.

அதனால்தான் "எங்க கிடாவுக்குக் கருப்பு ரத்தமே கிடையாது, பத்துக் குட்டி பாத்துட்டோம்" என்று சந்தையில் யாராவது அடித்துச் சொன்னால் நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அப்ப ஒரு வெள்ளைக் கிடா உள்ளே கருப்பை வச்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கருப்புப் பெட்டைகளோடு சேர்த்துப் பாருங்கள். பெட்டை க-க, அதனிடம் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. கிடா வெ-க என்றால் பாதிக் குட்டி கருப்பாக வரணும். ஒரே ஒரு கருப்புக் குட்டி விழுந்தாலும் குட்டு உடைந்தது. தொடர்ந்து வெள்ளையாகவே வந்தால், ஒளித்து வைத்திருக்கிற கிடா தப்பிக்கும் வாய்ப்பு ஒவ்வொரு குட்டிக்கும் பாதி பாதியாகக் குறையும்: ஐந்து குட்டியில் 32-ல் 1, ஏழு குட்டியில் 128-ல் 1. ஏழு வெள்ளைக்குப் பிறகு நான் அந்தக் கிடாவை நம்புவேன்.

இதற்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு வேணும். எந்த ஆடு, எந்தக் கிடா, எந்தத் தேதி, என்ன குட்டி, என்ன நிறம். எங்கள் ஊரில் கீதாரிகள் எழுதாமலே ஏழு தலைமுறை ஆட்டு வம்சம் சொல்வார்கள், அந்த ஞாபகம் எனக்குக் கிடையாது.

கருப்பசாமிக்கு நேர்ந்துவிட மறு இல்லாத கருங்கிடாதான் வேணும். கருப்புக் குட்டியாவே வர வைக்க முடியுமா?

செம்மறியில் சுலபம். ஒடுங்கு கருப்பு ரெண்டைச் சேர்த்தால் வருவதெல்லாம் கருப்பு. மறைக்க ஒன்றும் இல்லை. ஒடுங்கு பண்பின் வசதியே அதுதான், கண்ணில் தெரிந்தால் உள்ளேயும் அதுவேதான்.

ஒரு எச்சரிக்கை உண்டு. கருப்பில் ரெண்டு ரகம் இருக்கிறது. நார்வே நாட்டு டாலா செம்மறி மாதிரி சில இனங்களில் இன்னொரு ஜீனால் வரும் கருப்பு, ஓங்கு பண்பு. அந்த வகைக் கருப்பு ரெண்டைச் சேர்த்தால் வெள்ளைக் குட்டி விழலாம். ஆகவே வாங்கின கருப்பு ஜோடியில் வெள்ளை விழுந்தால் விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள்.

இன்னொன்று, 'மறு இல்லாத' என்பது தனிக் கணக்கு. நெற்றியில் சுட்டி, வால் நுனியில் வெள்ளை, இதையெல்லாம் தீர்மானிப்பது வேறு ஜீன்கள். கருப்புக்குக் கருப்பு சேர்த்தாலும் சுட்டி வரும்.

கருப்பு, செவலை, வெள்ளை, சாம்பல், மயிலைன்னு இத்தனை நிறம் இருக்கே, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாயமா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, யாரும் அதிகம் கேட்பதில்லை.

பாலூட்டிகளின் முடியில் இருக்கும் சாயம் ரெண்டே ரெண்டு. ஒன்று கருப்பு-பழுப்பு, யூமெலனின். மற்றது செவலை-மஞ்சள், ஃபியோமெலனின். மீதி எல்லாம் இந்த ரெண்டையும் எங்கே, எவ்வளவு, எப்போது வைப்பது என்கிற கைவேலை. கோலமாவும் காவியும் மட்டும் வைத்து வாசல் முழுக்க நிறைத்துவிடுகிறார்களே, அது மாதிரி.

சாயம் செய்யும் செல்லின் மேல் எம்.சி.1.ஆர். என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. சுவிட்ச் போட்டால் கருப்பு, அணைத்தால் செவலை. அணைப்பது அகூட்டி என்கிற புரதம். சுவிட்சே பழுதாகி எப்போதும் அணைந்தபடி இருந்தால் முழுச் செவலை. செவலைக் குதிரை, செவலை மாடு பலதில் நடந்திருப்பது இதுதான், அது ஒடுங்கு பண்பு. சுவிட்ச் எப்போதும் எரிந்தபடி மாட்டிக்கொண்டால் கருப்பு, அது ஓங்கு. இப்போது முதல் கேள்விக்குத் திரும்பிப் பாருங்கள். வெள்ளைச் செம்மறியில் அகூட்டி ஜீன் இரட்டித்து, உடம்பு பூராவும் அணைப்பான் நிறைந்திருக்கிறது. கருப்புச் சாயம் உண்டாவதே இல்லை. கருப்புக் குட்டியில் அகூட்டி வேலை செய்யவில்லை, சுவிட்ச் எரிந்தபடி. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் இவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கிடையில் பார்த்தது ஒன்று: சில வெள்ளைக் குட்டிகள் பிறக்கும்போது கழுத்திலும் காலிலும் லேசான பழுப்பு மஞ்சளாக இருந்து, வளர வளர வெளுத்துவிடும். செம்மறியில் வெள்ளையும் வெளிறின செவலையும் ஒரே ஜீன் வகையின் கீழ்தான் வருகின்றன, நிபுணர்கள் ரெண்டையும் சேர்த்து ஒரே பேராக 'வெள்ளை அல்லது செம்மஞ்சள்' என்றே சொல்கிறார்கள்.

கன்னி ஆட்டுக்கு முகத்துல அளவெடுத்த மாதிரி ரெண்டு கோடு. அது எப்படி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருது?

தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கன்னி ஆட்டைச் சொல்கிறீர்கள். உடம்பு கருப்பு, முகத்தின் ரெண்டு பக்கமும் கோடு, காது ஓரம், அடிவயிறு, காலின் உள்பக்கம் வெளிர் நிறம். கோடு வெள்ளை என்றால் பால்கன்னி, செவலை என்றால் செங்கன்னி.

மேலே சொன்ன அதே அணைப்பான்தான், ஆனால் உடம்பு பூராவும் இல்லாமல் சில இடத்தில் மட்டும் வேலை செய்கிறது. முகத்தின் இந்தப் பட்டை, அடிவயிறு என்று இடம் பார்த்து அணைக்கச் சொல்லும் கட்டளை ஜீனுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. உடம்பின் ரெண்டு பக்கமும் ஒரே கட்டளையை வாசிப்பதால் கோடு ரெண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. சுவிட்சர்லாந்தின் டோகன்பர்க் ஆட்டுக்கும் முகத்தில் இந்த மாதிரிக் கோடு உண்டு, படத்தைப் பார்த்தால் நம்ம கன்னிக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருக்கும்.

வெள்ளாட்டில் இந்த அகூட்டி ஜீனுக்கு ரெண்டு மூன்று வகை இல்லை, நிறைய வகை உண்டு. ரெண்டு வேறு வகை ஒரு குட்டியில் சேர்ந்தால், ஒவ்வொன்றும் வெளிறச் சொன்ன இடம் எல்லாம் வெளிறும். இங்கே ஒன்று மற்றதை மறைப்பதில்லை, ரெண்டின் வெளிர் இடங்களும் கூட்டுச் சேரும். எந்தக் கோடும் இல்லாத முழுக்கருப்பு எல்லாவற்றுக்கும் கீழே ஒடுங்கிப் போகும்.

கொடி ஆட்டுக்கு மட்டும் ஏன் புள்ளி கண்டபடி சிதறிக் கிடக்கு?

கொடி ஆடு நம்ம ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைக்கே சொந்தம், நெட்டைக்காலும் எலும்பும் நரம்புமாக ஒரு மைல் அனாயாசமாக ஓடும். வெள்ளையில் கருப்பு தெளித்தால் கரும்போறை, செவலை தெளித்தால் செம்போறை. இங்கே வேலை செய்வது சாயத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஜீன் இல்லை, சாயம் செய்யும் செல் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதைத் தீர்மானிக்கும் ஜீன்கள்.

கருவில் அந்தச் செல்கள் முதுகுத்தண்டு ஓரத்தில் தோன்றி, தோலுக்கு அடியில் நடந்தே கீழே இறங்க வேண்டும். கிட் என்கிற ஜீன் மாதிரி சிலவற்றில் மாற்றம் இருந்தால் பயணம் பாதியில் நின்றுவிடும், அல்லது கிளம்பியவர்கள் எண்ணிக்கை போதாது. போய்ச் சேராத இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். முதுகிலிருந்து தூரமான இடங்களைப் பாருங்கள்: நெற்றி, அடிவயிறு, கால் நுனி, வால் நுனி. நாயோ, மாடோ, பூனையோ, கொஞ்சம் வெள்ளை உள்ள எதிலும் அந்த வெள்ளை முதலில் இந்த இடங்களில்தான் இருக்கும். சுட்டியும் 'சாக்ஸ் போட்ட' காலும் எல்லா ஊர் விலங்கிலும் வருவது இதனால்தான்.

எந்தச் செல் எந்த இடத்தில் போய் நின்றது என்பதில் தற்செயல் நிறைய. அதனால் அச்சு அசலாக ஒரே ஜீன் இருந்தாலும் புள்ளி மாறும்.

மண்டபம் மீன் இறங்கு இடத்துல மூணு நிறப் பூனை நிறைய சுத்துது. ஆண் பூனை ஒண்ணுகூட கண்ணுல படலையே?

படாது. உங்களுக்கு மட்டுமல்ல, அநேகமாக யாருக்குமே.

பூனையில் செவலை நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதனால் அது செவலையா கருப்பா, ஏதாவது ஒன்றுதான். பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ். ஒன்றில் செவலை, ஒன்றில் கருப்பு இருந்தால் ஓங்கு யார், ஒடுங்கு யார்? இங்கேதான் அந்தக் கணக்கு உடைகிறது. பெண் கருவின் ஒவ்வொரு செல்லும் ஆரம்பத்திலேயே தன் ரெண்டு எக்ஸில் ஒன்றைச் சுருட்டி மூடிவிடும், எதை என்பது சீட்டுக் குலுக்கல். அந்தச் செல்லிலிருந்து பெருகியவை எல்லாம் அதே முடிவைக் காப்பாற்றும். செவலை எக்ஸை மூடியவை கருப்புத் திட்டு, கருப்பை மூடியவை செவலைத் திட்டு. வெள்ளைக்குக் காரணம் மேலே சொன்ன, நடந்து போய்ச் சேராத கதை. ஆக மூன்று நிறம். எக்ஸ் மூடப்படும் இந்த விஷயத்தை எலிகளின் தோல் நிறத்தை வைத்து 1961-ல் யோசித்துச் சொன்னவர் இங்கிலாந்தின் மேரி லயன்.

தப்பித்தவறி ஆண் மூன்று நிறப் பூனை பிறந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும், குட்டி போட வைக்கும் திறன் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் செவலை ஜீன் எது என்று கையில் அகப்பட்டது 2025-ல்தான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரெண்டு குழுக்கள் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன: சுமார் 5,100 எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ.-வில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. நூறு வருஷமாக எல்லோரும் வீட்டுத் திண்ணையில் பார்த்துக்கொண்டிருந்த பூனை.

2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு மூன்று நிறப் பூனையை நகலெடுத்தார்கள், உலகின் முதல் நகல் பூனை. குட்டி பிறந்தபோது அதில் செவலைத் திட்டே இல்லை. எடுத்த செல்லில் செவலை எக்ஸ் ஏற்கெனவே மூடியிருந்தது. நகல்தான், ஆனால் உரிமையாளர் வந்து பார்த்தால் அடையாளம் தெரியாது.

கீழக்கரைல மச்சான் வீட்டுல பெர்ஷியன் பூனை. நாட்டுப் பூனையோட சேர்ந்து குட்டி போட்டுச்சு, ஒண்ணுக்குக்கூட சடை முடி இல்ல. ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. நீள முடி ஒடுங்கு, குட்டை முடி ஓங்கு. முதல் தலைமுறை எல்லாம் குட்டை முடியாகத்தான் வரும். அந்தக் குட்டிகளை மறுபடி வேறொரு பெர்ஷியனோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி சடை கிடைக்கும்.

அதே வீட்டில் இன்னொரு கேள்வியும் வந்தது, முகமும் காதும் மட்டும் கருத்த சயாமிஸ் வகைப் பூனை ஏசி அறையில் வைத்த பிறகு இன்னும் கருத்துப்போகிறதே என்று. அது உண்மை. அந்தப் பூனையின் சாயம் செய்யும் நொதி உடம்புச் சூட்டில் படுத்துவிடும், குளிர்ந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். காது, மூக்கு, வால், கால் நுனி குளிர்ந்தவை, அங்கே கருப்பு. அறை குளிர்ந்தால் கருப்பு பரவும். இதுவும் ஒடுங்கு பண்புதான். நம்ம ஊர் வெயிலில் திண்ணையில் வளர்ந்தால் வெளிறிப்போய் நிற்கும்.

லாப்ரடார் ஜோடி ரெண்டுமே கருப்பு. ஒரே ஈத்துல கருப்பு, சாக்லேட், மஞ்சள் மூணும் வந்திருக்கு. ஒரே தகப்பன்தானா?

ஒரே தகப்பனாகவே இருக்கலாம். இங்கே ரெண்டு ஜீன். ஒன்று கருப்பா சாக்லேட்டா என்று சொல்லும், சாக்லேட் ஒடுங்கு. மற்றது அந்தச் சாயத்தை முடிக்குள் விடலாமா கூடாதா என்று சொல்லும், அதுதான் மேலே பார்த்த எம்.சி.1.ஆர். சுவிட்ச். அதில் ரெண்டு பிரதியும் பழுது என்றால் முதல் ஜீன் என்ன சொன்னாலும் நாய் மஞ்சள். ரெண்டு ஒடுங்கு பண்பையும் சுமக்கிற கருப்பு ஜோடிக்கு 16-ல் 9 கருப்பு, 3 சாக்லேட், 4 மஞ்சள். மஞ்சள் குட்டியின் மூக்கைப் பாருங்கள்: கருத்த மூக்கு என்றால் உள்ளே கருப்பு, பழுப்பு மூக்கு என்றால் உள்ளே சாக்லேட்.

ராஜபாளையம் நாய் வெள்ளையா இருக்கறதாலதான் காது கேக்காதுன்னு சொல்றாங்களே?

எல்லா வெள்ளை நாய்க்கும் அப்படி இல்லை, ஆனால் பேச்சில் உண்மை இருக்கிறது. சாயம் செய்யும் செல்களுக்கு உள்காதிலும் ஒரு வேலை உண்டு, அங்கே இருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பது. அந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் செல்கள் செத்துவிடும். ரோஸ் மூக்கு வெள்ளை ராஜபாளையத்தில் செவிடு பிறப்பது இதன் ஒரு முகம். நீலக்கண் வெள்ளைப் பூனையிலும் இதே கதை. மஞ்சள் லாப்ரடாருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குச் செல் இருக்கிறது, சாயம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

குட்டி வாங்கும்போது அது உங்களைப் பார்க்காத நேரம் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டாதீர்கள், காற்று பட்டே திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தேறிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்டர்நெட்டில் பார்த்து மெர்ல் என்கிற திட்டுத்திட்டான நீலச் சாம்பல் நாய் வாங்கியவர்களுக்கு ஒரே வரி: மெர்லையும் மெர்லையும் சேர்க்காதீர்கள். ரெண்டு பிரதி வாங்கிய குட்டிகள் செவிடாகவும் குருடாகவும் பிறப்பதுண்டு.

கொம்பில்லாத மொட்டை வெள்ளாடு பாக்க நல்லா இருக்கு, சண்டையும் கம்மி. அதையே பெருக்கலாமா?

முடி விஷயம் இல்லை என்றாலும் இதில் பணம் போனவர்கள் இருப்பதால் சேர்த்திருக்கிறேன். வெள்ளாட்டில் கொம்பில்லாமை ஓங்கு. ஆனால் அதே ஜீன் மாற்றம் ரெண்டு பிரதியாக ஒரு பெட்டைக் குட்டிக்கு வந்தால் அது பெட்டையாக முழுமை பெறாது, ஆணும் பெண்ணும் கலந்து, சினை பிடிக்காத ஆடாக வளரும். காரணமான டி.என்.ஏ. துண்டு இழப்பை 2001-ல் கண்டுபிடித்தார்கள். எனவே இணையில் ஒன்றாவது கொம்புள்ளதாக இருக்கட்டும், எந்தக் குட்டிக்கும் ரெண்டு பிரதி போகாது.

சினை ஆடு எதைப் பாத்துக்கிட்டே நிக்குதோ அந்த நிறத்துலதான் குட்டி வருமாமே?

எங்கள் ஆடுகள் சினைக்காலம் பூராவும் பார்ப்பது சீமைக் கருவேல மரத்தை. இதுவரை பச்சைக் குட்டி விழவில்லை.

எங்க கருப்பாடு ரெண்டு வருஷமா செம்பட்டையா மாறிக்கிட்டு வருது. ஜீன் மாறுமா?

ஜீன் மாறாது. சித்திரை, வைகாசி வெயில் முடியின் கருப்பைத் தின்றுவிடும், முடி நுனி செம்பட்டையாகவும் அடி கருப்பாகவும் இருந்தால் அதுதான். முடியை விலக்கி அடியைப் பாருங்கள். அடியும் வெளிறி, ஆடும் மெலிந்து, கண்ணைச் சுற்றி முடி நரைத்த மாதிரி இருந்தால் தாமிரச் சத்துக் குறைவாக இருக்கலாம், சாயம் செய்யும் நொதிக்குத் தாமிரம் வேணும். அதற்காகக் கடையில் போய் மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் விஷம், கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஒரே நல்ல கிடாவை அதோட மகள், பேத்திக்கும் விட்டா நிறம் மாறாம சுத்தமா வருமே?

வரும். அப்பா பத்து வருஷம் அப்படித்தான் செய்தார். ஆனால் ஒடுங்கு பண்பில் நிறம் மட்டும் ஒளிந்திருப்பதில்லை. தாடை கோணல், பிறந்ததும் சாகிற குட்டி, நிற்காத சினை, எல்லாம் அதே மாதிரி ஒரு பிரதியாகத் தலைமுறை தலைமுறையாகப் பதுங்கி இருக்கும். தகப்பனும் மகளும் சேரும்போது ஒரே ஒளித்து வைத்த பிரதி ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர நல்ல வாய்ப்பு. கருப்புக் குட்டி விழுந்தது எங்களுக்கு அதற்கான முதல் தகவல் அறிக்கை மாதிரி. கிடாவும் அந்தப் பெட்டையும் தூரத்துச் சொந்தம் என்பது அதில்தான் தெரிந்தது. மறு வருஷமே திருப்புல்லாணிப் பக்கமிருந்து வேறு கிடா பிடித்து வந்தோம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடாவை மாற்றுங்கள், செலவு கம்மி.

அந்தக் கருப்புக் குட்டி என்னாச்சு?

பெட்டைக் குட்டி, அதனால் சாமி கணக்கிலிருந்து தப்பித்தது. ஒரு வியாபாரி வந்து நிறத்தைப் பார்த்து விலை குறைத்துக் கேட்டார், கொடுக்கவில்லை. கிடையில் க-க என்று உறுதியாகத் தெரிந்த ஒரே பெட்டை அதுதான், புதுக் கிடாவை நான் சோதிப்பதே அதை வைத்து. அப்பா அதைக் கரிச்சி என்று கூப்பிடுகிறார். கருவேல நெற்று உலுக்கினால் முதல் கை அதற்குத்தான், கேட்டால் சும்மா பழக்கம் என்பார். நோட்டில் கரிச்சி பேருக்கு நேரே ரெண்டு ஈத்து, ரெண்டும் வெள்ளை. ஏழுக்கு இன்னும் ஐந்து வேணும், இந்த மாதம் கிடா விட்டிருக்கிறோம்.